மேயர்கள் ஐவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர்ச் சமூக மேம்பாட்டு மன்ற மேயர்களுக்கு,

வணக்கம். உங்கள் மன்றங்களின் பெயர் இன்று எல்லார் வாயிலும் இருப்பதற்குக் காரணம், வீட்டுச் செலவுக்கு அரசாங்கம் தரும் சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டு. கோழிச்சோற்றுக் கடையிலும் பேரங்காடியிலும் அதை நீட்டாத வீடு இல்லை. விலைவாசி இருக்கிற இருப்பில் அது பெரிய உதவிதான், நன்றி. ஆனால் நான் எழுதுவது வேறு ஒன்றைக் கேட்க. அக்கம்பக்கத்தார் சண்டையில்லாமல் வாழ்வதற்கான வேலையில் உங்கள் மன்றங்கள் இன்னும் கீழே, ஓர் அடுக்குமாடி புளோக்கின் ஒரு மாடி வரைக்கும், இறங்கி வர வேண்டும்.

மேயர்கள் அமைதியைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் உலக அளவில்தான் பேசுவார்கள். 1982ல் ஹிரோஷிமா மேயர் தக்கேஷி அராக்கி அணு ஆயுதங்களுக்கு எதிராக உலக நகரங்களைக் கைகோக்க அழைத்தார். 'அமைதிக்கான மேயர்கள்' என்ற அந்த அமைப்பில் இன்று 8,000க்கும் மேற்பட்ட நகரங்கள் இருக்கின்றன. மதிக்க வேண்டிய வேலை. நம் ஊரில் பிரச்சினை தொடங்குகிற இடம் தாழ்வாரத்துக் காலணி அடுக்கு, மேல்வீட்டில் நள்ளிரவில் இழுபடும் நாற்காலி, சீனர்கள் ஏழாம் மாதம் முன்னோருக்காக எரிக்கும் தாளின் புகை, நம் வீட்டுச் சாம்பிராணி.

1964 ஜூலை 21 அன்று, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது தொடங்கிய மலாய்-சீனர் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் வெடித்தது. இன்னும் 13 உயிர்கள். இப்போது ஆண்டுதோறும் ஜூலை 21 பள்ளிகளில் இன நல்லிணக்க நாள். பிள்ளைகள் வேட்டியும் பாஜு குரோங்கும் சியோங்சாமும் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். சரி, அழகுதான். ஆனால் அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத ஒரு பகுதி. கலவரத்துக்குப் பிறகு தொகுதிதோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைத்தார்கள். எல்லா இனத்தையும் சேர்ந்த, அந்தந்த வட்டாரத்தில் முகம் தெரிந்த பெரியவர்கள் அதில் இருந்தார்கள். பயத்தில் இருந்த மக்களிடம் போய்ப் பேசினார்கள். ஊரடங்கு போடுவதும் போலிசை அனுப்புவதும் அரசாங்கத்தின் வேலை. பக்கத்து வீட்டுக்காரனை மறுபடி நம்பலாம் என்று சொல்லத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்துக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பின் நாம் வேறு வழியில் போனோம். மக்களைக் கலந்து குடியமர்த்தினோம். 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் சேர்த்து, 2010லிருந்து, பேட்டைக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு. இந்தக் கொள்கையை நான் ஆதரிக்கிறேன். இன வாரியாகப் பேட்டைகள் பிரிந்துகிடக்கும் ஊர்களின் கதி நமக்குத் தெரியாததல்ல. ஆனால் இது இலவசமாக வரவில்லை. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைவு, விலையும் குறைவு. 2022லிருந்து சில சூழல்களில் வீவகவே (வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே) அப்படிப்பட்ட வீட்டை வாங்கிக்கொள்கிறது என்றாலும், பல ஆண்டுகள் அந்த இழப்பைச் சிறுபான்மைக் குடும்பங்களே சுமந்தன. இத்தனை விலை கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்த மக்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைக்கும் வேலைதான் பாதியில் நிற்கிறது.

2011 ஆகஸ்டில் வந்த கறி விவகாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்திய வீட்டின் கறி வாசம் ஒத்துக்கொள்ளவில்லை. விஷயம் சமரச நிலையம் வரை போனது. சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் இந்தியக் குடும்பம் கறி சமைப்பது, பதிலுக்குச் சீனக் குடும்பத்தார் அந்தக் கறியைச் சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. செய்தி வெளிவந்ததும் ஊரே கொதித்தது. அந்த மாதம் 21ஆம் தேதி எல்லாரும் கறி சமைப்போம் என்று இணையத்தில் அழைப்பு கிளம்பி, இனம் பாராமல் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள். சமரசம் நடந்தது சில ஆண்டுகளுக்கு முன்பு என்றும், அந்த ஏற்பாட்டை இரண்டு குடும்பங்களே பேசி முடிவு செய்தன என்றும் பிறகு விளக்கம் வந்தது. விளக்கத்தை யார் படிக்கிறார்கள்!

அந்த உடன்பாட்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவது பாதி. குடிவந்த முதல் மாதமே அந்த வீட்டுக் கறியை ஒரு கிண்ணத்தில் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் முதல் பாதிக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் அந்தக் கிண்ணம் கைமாற ஒரு சமரசக்காரர் தேவைப்பட்டார்.

இப்போது சட்டத்தின் கை நீண்டிருக்கிறது. அக்கம்பக்கச் சண்டைகளுக்கான நடுவர் மன்றம் 2015ல் வந்தது. 2024 நவம்பரில் சட்டத்தைத் திருத்தி, கடுமையான இரைச்சல் புகார்களை விசாரிக்கத் தனிப் பிரிவு ஒன்றை உருவாக்கினார்கள். சோதனைக்குத் தெம்பனிஸ் வட்டாரம் தேர்வானது. வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டுமென்றே சுவரைத் தட்டி அடுத்த வீட்டாரின் தூக்கத்தைக் கெடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் சண்டை முற்றிய பிறகு வருகிற மருந்து. செயலியில் புகார் அனுப்புவது எளிதாகிவிட்டதால், மேல்வீட்டுக் கதவைத் தட்டி "அண்ணே, பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை" என்று சொல்லும் பழக்கம் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

அதனால் என் கோரிக்கை இதுதான். உங்கள் பற்றுச்சீட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேருகிறது. அதோடு, ஒரு மாடியில் இருக்கும் வீடுகள் சேர்ந்து கேட்டால் மட்டும் கிடைக்கிற ஒரு சிறு தொகை வையுங்கள். தனி ஆள் கேட்டால் கிடையாது. செலவு, சேர்ந்து சாப்பிட. ஹலால் வேண்டும், சைவம் வேண்டும், மாட்டிறைச்சி வேண்டாம், காரம் குறைவாக வேண்டும் என்று ஆறு வீட்டார் பேசி ஒரு முடிவுக்கு வருவதிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடும். மேடை வேண்டாம், பதாகை வேண்டாம், தயவுசெய்து சிறப்புரையும் வேண்டாம். சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்கு வழக்கமாக வருபவர்களே வருகிறார்கள். வராதவர்கள் தங்கள் வீட்டு வாசல் வரை வருவார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு புளோக்கின் ஒரே திறந்த கீழ்த்தளத்தில் இந்த வாரம் மலாய்க் கல்யாணம் நடக்கும், அடுத்த வாரம் சீனர் ஈமச்சடங்கு. யாருக்கு எந்த நாள் என்று நகர மன்ற அலுவலகத்தில் பதிவு செய்பவர் இந்த ஊரின் அமைதிக்குச் செய்வது கொஞ்சமல்ல. துப்புரவு மேற்பார்வையாளரும் அப்படித்தான். எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் ஆகாது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சமரசப் பயிற்சியை அவர்களுக்கும் கொடுங்கள். தமிழில் பேசினால்தான் மனதைத் திறக்கும் முதியவர்களும் நம் பேட்டைகளில் இருக்கிறார்கள், அதற்கேற்ற ஆட்களும் வேண்டும்.

தங்கும் விடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு மதுக் கட்டுப்பாடு வந்தது, கண்காணிப்பு கூடியது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஊழியர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைத் தாண்டிப் போகும் நாமும், நம் ஊர்ப் பிள்ளைகள் என்று வாயால் சொல்லிக்கொண்டே, ஒதுங்கித்தான் நடக்கிறோம். எந்த மாடியிலும் சேராத அவர்களை விடுதிக்கு அருகிலுள்ள பேட்டையின் விருந்துக்காவது அழைக்கலாம்.

தெம்பனிசில் புகார்களுக்கான சோதனை ஏற்பாடு இருப்பதால் அங்கேயே சில புளோக்குகளில் இதையும் செய்து பாருங்கள். ஓராண்டு கழித்து, அந்தப் புளோக்குகளில் எத்தனை புகார்கள் வந்தன என்ற எண்ணிக்கையை வெளியிடுங்கள். குறையாமல் இருந்தாலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஜூரோங் வெஸ்ட் குடியிருப்பாளர் ஒருவர்