வில்லுப்பாட்டுக்கும் ஒரு போட்டி வேண்டும்

ஆசிரியருக்கு,

நாகர்கோவிலில் எங்கள் பாட்டுக் குழுவினர் சனிக்கிழமை மாலை முழுக்க, பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டுப் பாடல்களாகவே பாடினார்கள். 'அபெரிஸ்ட்வித்' மெட்டை நாலு குரலில் எடுத்தபோது, அடிக்குரல் இறங்க இறங்க மேசையில் இருந்த டீ கிளாஸ் அதிர்ந்தது. மெட்டமைத்த ஜோசப் பாரி, சின்ன வயதில் இரும்பாலையில் உழைத்தவர்.

2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் மொழி பேசுவோர் சுமார் 5.38 லட்சம். நம் மாவட்ட மக்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! ஆனாலும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் 'ஐஸ்டெத்வொட்' விழா நடத்தி, பாட்டுக்கும் கவிதைக்கும் போட்டி வைக்கிறார்கள்.

சரி, இங்கே வில்லுப்பாட்டுக்கு கோயில் கொடை விழாவை விட்டால் மேடை ஏது? வில்லைத் தட்டும் வீசுகோலைப் பிடிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு மாவட்ட அளவில் வருடாவருடம் போட்டி வையுங்கள். முதல் பரிசுக்கு வில்லும் குடமும் நான் வாங்கித் தருகிறேன்.

— வாசகர், தக்கலை