ஸ்குவாஷ் கோர்ட் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்: ஆட வருபவருக்கு ஜோடி சேர்த்துவிடுங்கள்

சென்னையின் மன்றங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், மூடிய அறைக்குள் இருவர் மாறி மாறி மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷ் ஆட்டத்துக்கான கோர்ட்டுகளைப் பராமரித்துவரும் செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

2025 டிசம்பரில் எக்ஸ்பிரஸ் அவென்யூ வளாகத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஹாங்காங்கை வென்று இந்திய அணி கோப்பையைக் கைப்பற்றியது. அந்த அணியில் ஆடிய ஜோஷ்னா சின்னப்பாவும் அபய் சிங்கும் இந்த ஊர்க்காரர்கள். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறவும் இருக்கிறது. இத்தகைய ஊரில், வேலை முடிந்து வந்து முக்கால் மணி நேரம் வியர்க்க ஆட விரும்பும் சாதாரண ஆளுக்கு எதிராளியாக ஆட இன்னோர் ஆள் கிடைப்பதில்லை. ஆளும் கோர்ட்டும் இருந்தும் ஒருவரையொருவர் அறிய வழியில்லாததால், பல குடியிருப்புகளில் கோர்ட் பூட்டியே கிடக்கிறது, அல்லது பழைய நாற்காலிகள் அடுக்கும் அறையாகிவிட்டது.

இறகுப்பந்து ஆடும் இடத்தில் ஐந்தாமவராகப் போய் நின்றாலும் அடுத்த ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஸ்குவாஷிலோ, 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் உள்ள அறைக்குள் இருவர் ஆடத்தான் இடமுண்டு. அந்த இருவரின் திறனும் ஏறத்தாழ ஒத்துப்போகவும் வேண்டும். தேர்ந்தவர் நடுவில் நின்றுகொண்டு புதியவரை நான்கு மூலைகளுக்கும் விரட்டினால், ஒருவருக்கு மூச்சு வாங்கும், மற்றவருக்கு வியர்வைகூட அரும்பாது. போதாக்குறைக்கு, பெரும்பாலான கடைகளில் எடுத்துக் கொடுப்பது இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து. ஓங்கி அடித்துச் சூடேற்றினால்தான் அது எழும்பும்; புதியவர் இருவர் ஆடினால் தரையோடு செத்துக் கிடக்கும். பத்து நிமிடத்தில் சலித்து, இந்த ஆட்டம் தமக்குச் சரிவராது என்று அவர்கள் போய்விடுகிறார்கள். எளிதில் எழும்பும் நீலப் புள்ளிப் பந்தோ சிவப்புப் புள்ளிப் பந்தோ நான்கைந்து வாங்கி வைப்பது உங்களுக்குப் பெரிய செலவாகாது.

ஆகவே என் முதன்மையான வேண்டுகோள்: வாரத்தில் ஒரு மாலையை, ஜோடி இல்லாமல் தனியே வருபவர்களுக்கென்று ஒதுக்குங்கள். முன்பதிவின்போது இரண்டு பெயர் கேட்கும் விதியை அன்று மட்டும் தளர்த்துங்கள். பதினொரு புள்ளி கொண்ட ஒரே ஆட்டம் முடிந்ததும் இருவரும் வெளியேறி, காத்திருக்கும் இருவருக்கு இடம் கொடுக்கட்டும். வென்றவரே தொடர்ந்து ஆடுவது என்று வைத்தால், வல்லவர் ஒருவரே கோர்ட்டைப் பிடித்துக்கொள்வார், கற்பவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

பத்துப் பேர் சேர்ந்துவிட்டால், இங்கிலாந்து மன்றங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் பெட்டி லீக் முறையைத் தொடங்கலாம். ஏறத்தாழ ஒரே தரத்தினர் ஐந்து பேரை ஒரு பெட்டியில், அதாவது ஒரு குழுவில், வைத்து, ஒரு மாதத்துக்குள் தங்களுக்கு வசதியான நேரத்தில் ஒருவரோடொருவர் ஆடிக்கொள்ளச் சொல்கிறார்கள். முதலிடம் பெற்றவர் மேல் பெட்டிக்கு ஏறுவார், கடைசியில் நின்றவர் கீழே இறங்குவார். யாரை அழைப்பது என்ற தயக்கமே இதில் எழாது, ஏனென்றால் அழைத்தாக வேண்டும்.

வெளியாட்களை அனுமதிப்பது குறித்து உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள் என்பதை அறிவேன். பராமரிப்புக் கட்டணம் செலுத்துபவர்களின் கேள்வியிலும் நியாயமுண்டு. பக்கத்துக் குடியிருப்பினருக்கு மட்டும், விருந்தினர் கட்டணம் பெற்றுக்கொண்டு, அந்த ஒரு மாலைக்கு அனுமதி தரலாமே. அறிமுகமில்லாத ஒருவருடன் மூடிய அறையில் ஆடப் பெண்கள் தயங்குவது இயல்பு. அவர்களுக்கெனத் தனி நேரம் வைத்தால்தான் வருவார்கள். புதியவர்கள் சேர்ந்து ஆடும்போது மட்டை வீச்சில் கண் அடிபடும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாதவரை உள்ளே விடாதீர்கள். எதிராளி அருகில் நின்றால் அடிக்காமல் நிறுத்தி ‘லெட்’ கேட்டு மறுபடி தொடங்கலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இதற்குச் செயலி எதுவும் வேண்டாம். பெயர், ஆடும் தரம், வசதியான நேரம் ஆகிய மூன்றையும் எழுத ஒரு பதிவேட்டைக் காவலாளியின் மேசையில் வைத்து, வரும் மாதத்திலிருந்து சோதனை முறையில் மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். கோர்ட் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்ற கணக்கை அடுத்த பொதுக்குழுவில் வைத்தபின் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆட்டத்துக்கு ஆள் தேடும் சென்னைவாசி ஒருவர்