அந்த நீலத் துண்டு

டேய்,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, தெரியும். கைவசம் ஆயிரம் சாக்கு இருக்கிறது. ஒன்றையும் நீ நம்பப்போவதில்லை, அதனால் செலவு செய்யாமல் வைத்துக்கொள்கிறேன். அம்மா நலம். சின்னவன் என் தோளுக்கு வந்துவிட்டான். மொட்டை மாமா அதே கதையைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், இப்போது புலி இரண்டாகிவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கொடுத்த கிராபிக்ஸ் கார்டின் கூலரை, அதான் சிப்பைக் குளிர்விக்க மேலே உட்கார்ந்திருக்கும் அந்த உலோகமும் ஃபேனும், கழற்றிவிட்டேன்.

பதறாதே, கார்டு உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் உன்மேல் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. வரிசையாக வருகிறேன்.

போன மாதத்திலிருந்தே அதற்கு மூச்சிரைப்பு. கேம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனால் போதும், ஃபேன் அலற ஆரம்பித்துவிடும். அப்புறம் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பச்சைப் புள்ளிகள். அளந்து பார்த்தேன். சிப் 84 டிகிரி, ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பிலேயே அதிகம் கொதிக்கும் இடம், 109, மெமரி 108. முதல் இரண்டுக்கும் நடுவே 10, 15 டிகிரி இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். 25 என்றால் பெரும்பாலும் உள்ளே பேஸ்ட், சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் அந்தப் பசை, போய்விட்டது என்று அர்த்தம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றினேன். காய்ந்த பேஸ்ட் சூட்டில் இளகும், இல்லையென்றால் சிமெண்ட் போல ஒட்டிக்கொள்ளும். ஒரு அட்டையில் கார்டின் முதுகை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். நீ சிரிப்பாய், சிரி. ஒவ்வொன்றும் ஒரு நீளம். மாற்றிப் போட்டால் நீளமானது எங்கே போய் எதை முட்டும் என்று யாருக்குத் தெரியும்?

சிப்பைச் சுற்றி நாலு ஸ்ப்ரிங் ஸ்க்ரூ இருக்கிறதே, அங்கேதான் கை நடுங்கியது. பிராசஸருக்கு இருப்பது போல இதற்கு உலோக மூடி கிடையாது, வெறும் சிலிக்கான். ஒரு பக்கத்தை முழுசாகத் தளர்த்திவிட்டால் அழுத்தம் எல்லாம் எதிர் மூலையில் ஏறி, ஓரம் பெயர்ந்துவிடும். அதனால் ஒன்றை அரைச் சுற்று, அதற்குக் குறுக்கே இருப்பதை அரைச் சுற்று என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். நாலும் வந்துவிட்டன. கூலர் மட்டும் வரவில்லை.

இழுத்தேன். அசையவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன், பலகை லேசாக வளைந்ததைக் கண்ணால் பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த சின்னவன், "அப்பா, இங்க ரெண்டு ஸ்க்ரூ இருக்கே" என்கிறான். மானிட்டர் ஒயர் சொருகும் அந்தத் தகடு இருக்கிறதல்லவா, அதிலும் கூலரைப் பிடித்து ரெண்டு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள்! இருபது வருஷமாக கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்கிறேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டவன் நான். அவன் அம்மாவிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்ன வேண்டும் என்று கேட்டால், இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு இழுக்கவில்லை. இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். அப்படியே தூக்கிவிடாமல் புத்தகத்தைத் திறப்பது போலத் திறந்தேன், ஏனென்றால் ஃபேன் ஒயர் ஒரு விரல் நீளம்கூட இல்லை. ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கை நகத்தால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நெம்பி எடுத்தேன்.

உள்ளே நான் நினைத்தபடிதான். சிப்பின் நடுவில் பேஸ்டே இல்லை, கண்ணாடி மாதிரி மின்னியது. எல்லாம் ஓரத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் வரப்பு கட்டி நின்றது. சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுங்கிவிட்டது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு நிதானமாகத் துடைத்தேன். நிதானம் ஏன் என்றால், சிப்பைச் சுற்றிலும் கெபாசிட்டர் என்று எள்ளளவில் குட்டிப் பாகங்கள். ஒன்று பெயர்ந்தால் கதை முடிந்தது.

இப்போது வழக்குக்கு வருகிறேன், உட்கார்ந்துகொள்.

சுற்றிலும் எட்டு மெமரி சிப். ஏழின் மேல் சாம்பல் நிறத் தெர்மல் பேட், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் மெத்தென்ற துண்டு. எட்டாவதின் மேல் நீலம்! எந்தக் கம்பெனிக்காரனடா ஏழு சாம்பல், ஒரு நீலம் என்று ஒட்டுவான்? சாம்பல் பேட் ஏழிலும் சிப்பின் விளிம்பு அச்சு வார்த்தது போல அழுந்தப் பதிந்திருந்தது. நீலத்தில் ஒரு மூலையில் மட்டும் மங்கலாக ஒரு கோடு. மற்றவை 1.5 மில்லிமீட்டர், அது 1 மில்லிமீட்டர்தான். அந்தச் சிப் இத்தனை நாளும் கூலரைச் சரியாகத் தொடாமலே வெந்துகொண்டிருந்திருக்கிறது. பச்சைப் புள்ளிக்குக் காரணம் அகப்பட்டுவிட்டது.

பிறகு மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது. ஸ்ப்ரிங் ஸ்க்ரூ மேல் வாரண்டி ஸ்டிக்கர் இல்லாததற்கு "தானா விழுந்திருச்சு" என்றாய். அதே ஸ்க்ரூவின் தலை மழுங்கியிருந்தது. முதுகுத் தகட்டில் ஒரு ஸ்க்ரூவே இல்லை. "கையே வைக்கலடா, பெட்டியில இருந்து எடுத்தபடி தர்றேன்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நீ! எனக்கு அடிக்கடி தலை வலிப்பது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

நீ திறந்ததில் எனக்குக் கோபம் இல்லை. திறக்கும்போது ஒரு பேட் கிழிந்திருக்கும், கையில் இருந்த துண்டை வெட்டி வைத்திருப்பாய். யாருக்கும் நடப்பதுதான். "ஒரு பேட் சரியில்ல, பார்த்துக்கோ" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. உன் ஆபரேஷன் விஷயத்திலும் இதையேதான் செய்தாய். எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து, வேறு எதையோ பேசும்போது நடுவில் சொன்னாய். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு எழுதவும் இல்லை. எட்டு மாதம் வாயடைத்துப் போனதற்கு அதுதான் காரணமோ என்னவோ, இந்த நீலத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது.

சரி, என் யோக்கியதையையும் கேள். தடிமன் கூடினால் நல்லதுதானே என்று 2 மில்லிமீட்டர் பேட் வாங்கி எட்டுக்கும் ஒட்டினேன். நல்ல பேஸ்ட் வைத்து மூடினேன். ஒரு நிமிடத்தில் ஹாட்ஸ்பாட் பழைய 109-ஐயும் தாண்டி ஏறி, மெஷின் அணைந்துவிட்டது. மறுபடி திறந்தால், வைத்த பேஸ்ட் பொட்டு வைத்தபடியே இருக்கிறது, ஒரு ஓரம் மட்டும் நசுங்கியிருக்கிறது. பேட்கள் கூலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிப்பைத் தொடவே விடவில்லை. நீ அரை மில்லிமீட்டர் குறைத்தாய், நான் அரை மில்லிமீட்டர் கூட்டினேன். அப்புறம்தான் பழைய பேட்டில் நசுங்காத விளிம்பை அளந்து 1.5 வாங்கினேன். பேஸ்டுக்குப் பதில் ஹனிவெல் கம்பெனியின் பிடிஎம் 7950 ஷீட், சூட்டில் இளகும் மெல்லிய தாள். 45 டிகிரி வாக்கில் இளகித் தானே படிந்துகொள்கிறது, லேசில் பிதுங்குவதில்லையாம். திரவ உலோகம் போடு என்று ஆரம்பிக்காதே. அதில் காலியம் இருக்கிறது, அலுமினியத்தை அரித்துவிடும். பக்கத்தில் சொட்டினால் ஷார்ட்டும் ஆகும். உன் கைக்கும் என் கைக்கும் அது ஆகாது.

இப்போது சிப் 69, ஹாட்ஸ்பாட் 80, மெமரி 86. ஃபேன் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்ததாகப் பிளாஸ்டிக் மூடியையும் அந்தச் சின்ன ஃபேன்களையும் கழற்றிவிட்டு, ஹீட்சிங்க் எனும் அந்த உலோகத் துடுப்புகள் மேல் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டைக் கட்டிப் பார்க்கலாமா என்று கை அரிக்கிறது. சின்னவனின் அம்மா இப்போதைக்கு ஸ்க்ரூடிரைவரை ஒளித்து வைத்திருக்கிறாள்.

நீலத் துண்டை எறியவில்லை, மேஜை டிராயரில் இருக்கிறது. முதுகுத் தகட்டின் அந்த ஸ்க்ரூ உன்னிடம்தான் எங்கேயோ கிடக்கும், தேடி அனுப்பு. அடுத்த செக்கப் தேதியையும் அதே கவரில் எழுதி வை. "அடுத்த மாதம் வாக்கில்" என்று எழுதாதே, தேதி வேண்டும். டிக்கெட் போட வேண்டும்.

இப்படிக்கு,
தலைவலிக்காரன்