காலர் பட்டன் அலங்காரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆண்கள் உடை பற்றி வந்த கட்டுரையின் ஒரு வரி மூன்று நாளாக மனசில் முள்ளாகக் கிடக்கிறது. காலர் நுனியில் பட்டன் வைத்த பருத்திச் சட்டை தாத்தா காலத்து அலங்காரமாம், அதை அலமாரியை விட்டு வெளியேற்ற வேண்டுமாம். தாத்தா என்றதில் எனக்கு வருத்தமில்லை. அலங்காரம் என்றதுதான் தாங்கவில்லை.

அந்தப் பட்டன் எதற்கு வந்தது என்று தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இங்கிலாந்தில் குதிரையேறி போலோ ஆடியவர்கள், காலர் படபடத்து முகத்தில் அடிக்காமல் இருக்க அதைப் பட்டன் போட்டு நிறுத்தினார்கள். அதைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை சாதாரணச் சட்டைக்கும் அப்படிக் காலர் வைத்தது. போலோவே நம் மணிப்பூரிலிருந்து வெள்ளைக்காரர் கற்றுக்கொண்டு போன ஆட்டம். நான் குதிரை ஏறியதில்லை. 31 வருடம் பசுமலையிலிருந்து சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போன கணக்கு வாத்தியார். ஆடிக்காற்றை எதிர்த்து மிதித்தவனுக்கு அந்த இரண்டு பட்டனின் அருமை தெரியும். பட்டன் பிடித்துக்கொள்வதால் காலருக்குள் பக்ரம் என்கிற முரட்டு விறைப்புத் துணி வேண்டாம், கழுத்து வேகாது. பருத்தி தன் எடையில் 8 சதவீதம் ஈரத்தை இயல்பாகவே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. சித்திரை வெயிலில் மதுரைக்காரன் எதைப் போடுவான்?

என் சட்டைகளை, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் கல்தூண் ஓரம் மிஷின் போட்டிருந்த ஒரு தையல்காரர் தைத்துக் கொடுத்தார். அளவு சட்டை கொண்டுபோனால் வாங்க மாட்டார், "வாத்தியாரய்யா, நேரா நில்லுங்க" என்று ஒவ்வொரு முறையும் டேப் பிடிப்பார். காலரின் உள்துணியைப் பசையால் ஒட்டாமல் தைத்தே வைப்பார். பக்கவாட்டில் துணி ஓரத்தை நூலால் சுற்றும் ஓவர்லாக் மட்டும் அடித்து விட்டுவிட மாட்டார், பிசிறை உள்ளே மடித்து இரண்டு தையல் ஓட்டுவார். காலர் மடிப்பில் நைந்தால் பிரித்துத் திருப்பி வைத்துத் தருவார். காஜா இரண்டு பக்கமும் ஊடுருவி இருப்பதால் பட்டன் பழையபடியே உட்காரும். 1994இல் அவர் தைத்த வெளிர்நீலச் சட்டை ஒன்றைத்தான் இதை எழுதும்போது போட்டிருக்கிறேன்.

கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு அவர் மிஷின் போடவில்லை. அதைப் பற்றி நான் எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதத்தை நான்கு வரியாக்கிப் போட்டீர்கள். நீங்கள் வெட்டியதில் தையல்காரர் போய்விட்டார், தூண்களின் சிற்ப அழகு மட்டும் மிஞ்சியது. அன்று பொறுத்துக்கொண்டேன்.

பிறகு தங்கள் பத்திரிகையின் முழுப்பக்க விளம்பரத்தை நம்பி ஒரு கடையில் 1,850 ரூபாய்க்கு, முழுக்கப் பருத்தி என்று சொன்ன சட்டை வாங்கினேன். இரண்டாவது சலவையில் காலர் அப்பளம் போலக் கொப்பளித்தது. என் அப்பா ஹார்வி மில் தொழிலாளி. துணியில் சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்துவார். பருத்தி காகித வாடையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும். நானும் கொளுத்திப் பார்த்தேன். மணிதான். அதையும் தங்களுக்கு எழுதினேன், பதில் இல்லை.

ஏழைகளுக்கு உடுத்தத் துணியில்லையே என்று காந்தியடிகள் சட்டையைத் துறந்தது இதே ஊரில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில். அந்த ஊர்ப் பதிப்பில், இன்னும் பத்து வருடம் உழைக்கும் சட்டையை வெளியே போடு என்று அச்சடித்திருக்கிறீர்கள். 40 வருட வாசகன் என்ற முறையில் எனக்கு அது வேதனையாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. அந்தப் பட்டன் காலரைப் பிடித்து நிறுத்த வந்தது என்று அடுத்த ஞாயிறு இரண்டு வரி திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கத்தான் வேண்டுமென்றால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், தையல்காரரைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டாதீர்கள்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பசுமலை, மதுரை.