இலக்கிய முகவராக விரும்பும் மாணவருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? இலக்கியத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். எழுத்தாளர் சார்பில் பதிப்பாளர்களிடம் பேசிப் புத்தகத்தை விற்றுத் தரும் இலக்கிய முகவராக வேண்டும், அதற்கு என்ன படிக்கலாம் என்று கேட்டு வரும் மாணவரிடம், முதுகலை இலக்கியம் படி, முடிந்தால் முனைவர் பட்டமும் பெற்றுக்கொள் என்றே உங்களில் பலர் சொல்லி அனுப்புகிறீர்கள். அதே அறிவுரையைக் கேட்டு முதுகலை முடித்து இத்தொழிலுக்கு வந்தவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு முகவர் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரம், ஒரு நாவலாசிரியரின் அரையாண்டு ராயல்டி (விற்பனையில் ஆசிரியருக்குரிய பங்கு) கணக்கை என்னிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைகளிலிருந்து திரும்பி வரக்கூடிய பிரதிகளுக்காகப் பதிப்பகம் ஒரு தொகையை நிறுத்தி வைத்திருந்தது. ஆசிரியருக்கு முதலிலேயே கொடுத்த முன்பணம் ராயல்டியில் இன்னும் கழிந்து தீரவில்லை. மொழிபெயர்ப்பு உரிமையில் வந்த பணம் வேறொரு விகிதத்தில் பிரிக்கப்பட்டிருந்தது. கதைசொல்லியின் நம்பகத்தன்மை பற்றி நாற்பது பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, அந்த ஒரே தாளை வாசிக்கத் தெரியவில்லை.

இத்தொழிலில் நுழைய இன்ன பட்டம் வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. 1870களில் லண்டனில் எழுத்தாளர்களுக்காகப் பதிப்பாளர்களிடம் பேரம் பேசி, கிடைத்த தொகையில் 10 சதவீதம் கமிஷன் பெறும் வழக்கத்தை நிலைநிறுத்திய ஏ. பி. வாட், அதற்கு முன் புத்தக விற்பனையிலும் பதிப்பகத்திலும் வேலை பார்த்துத் தொழிலை அறிந்தவர். இன்று ஆங்கிலப் பதிப்புலகில் அந்தக் கமிஷன் பொதுவாக 15 சதவீதம். அயல்நாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்குப் பெரும்பாலும் 20. புத்தகம் விற்றால்தான் முகவருக்கு வருமானம் என்பதால், புதிதாக வருபவர் தம் கமிஷனை நம்பி வாழத் தொடங்கச் சில ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. ஆகவே, கடன் வாங்கி இரண்டாவது பட்டம் படிக்கப் போகும் மாணவரிடம் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்வது உங்கள் கடமை என்று கருதுகிறேன்.

இலக்கியப் படிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரு கையெழுத்துப் பிரதி எந்த இடத்தில் தளர்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் காது அங்கேதான் எனக்கு வாய்த்தது. ஆனால் சட்டம், வரலாறு, வணிகம் படித்தவர்களும் இத்தொழிலில் நன்றாகவே இருக்கிறார்கள். சட்டம் படித்தவர்கள் ஒப்பந்தத்தை வாசிக்கும் வேகத்தைக் கண்டு நான் இன்றும் பொறாமைப்படுவதுண்டு.

உங்களிடம் நான் கேட்பது சிறிது. பதிப்புரிமையும் பதிப்பு ஒப்பந்தமும் பற்றி ஒரு விருப்பப் பாடமாவது வையுங்கள். அடுத்த புத்தகத்தை முதலில் தங்களிடமே காட்ட வேண்டும் எனப் பதிப்பகம் கோரும் விதியும், விற்பனை நின்றபின் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும் விதியும் எப்படி எழுதப்படுகின்றன என்பதை மாணவர் ஒருமுறையேனும் பார்க்கட்டும். அச்சேறாத ஒரு பிரதியை முழுதும் வாசித்து, ஏற்கலாமா கூடாதா என்று ஒரே பக்கத்தில் முடிவு சொல்லும் பயிற்சியையும் கொடுங்கள். கட்டுரைக்குப் பழகிய மாணவருக்கு இதுவே மிகக் கடினமாக இருக்கும்.

1947இல் அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரியில் தொடங்கி இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடைபெறுவது போன்ற குறுகிய காலப் பதிப்புத்துறைப் படிப்புகள் தொழிலையும் தொடர்புகளையும் விரைவில் அறிமுகம் செய்கின்றன. வசதி இருப்பவர் போகட்டும், இல்லாதவருக்குக் கதவு அடைபட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பதிப்பகத்தில் மொழிபெயர்ப்பு முதலிய உரிமைகளை விற்கும் பிரிவிலோ முகவர் நிறுவனத்திலோ ஊதியத்துடன் ஓராண்டு உதவியாளராக இருப்பது, என் மதிப்பீட்டில், அதைவிடப் பெரிய படிப்பு. எழுத்தாளரின் பிரதியை வாசிப்பதற்கே கட்டணம் வாங்கிப் பிழைக்கும் இடங்களுக்கு மட்டும் மாணவரை அனுப்ப வேண்டாம். அமெரிக்க இலக்கிய முகவர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தடைசெய்திருக்கும் வழக்கம் அது.

பெயர்களும் தொகைகளும் நீக்கப்பட்ட மாதிரி ஒப்பந்தங்களையும் ராயல்டி கணக்குகளையும், அவற்றின் உரிமையாளர்கள் இசைந்தால், வகுப்புக்குத் தரவும் ஒருநாள் வந்து விளக்கவும் நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவர்களுள் ஒருவன்