ஏற்காடு கூடாரத்தில் தந்த படுக்கை குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கூடார விடுதி,
ஏற்காடு.

பொருள்: ஜனவரி 3 இரவு எங்களுக்குத் தந்த படுக்கை, ஓர் இரவு வாடகையைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். ஜனவரி 3, சனிக்கிழமை இரவு அப்பா, அம்மா, நான் மூவரும் உங்கள் கூடாரத்தில் தங்கினோம். வாடகை 6,500 ரூபாய். அதில் பாதிக்கே ஏரிப் பக்கம் நல்ல அறை கிடைத்திருக்கும். கூடாரத்துக்குள்ளும் வீட்டுக் கட்டிலின் சுகம் என்று நீங்கள் போட்டிருந்ததை நம்பித்தான் உங்களிடம் வந்தோம். அப்பாவுக்கு 67 வயது, இடுப்பு வலி உள்ளவர் என்று பதிவு செய்யும்போதே போனில் சொல்லியிருந்தேன். "கவலைப்படாதீங்க மேடம், படுக்கை நல்லா இருக்கும்" என்றார்கள்.

இடம், சாப்பாடு, உங்கள் ஆட்கள் பழகிய விதம் எதிலும் குறை சொல்ல மாட்டேன். குறை படுக்கையில்தான்.

அப்பா அம்மாபேட்டையில் முப்பது வருடம் மெத்தை தைத்துக் கொடுத்தவர். எங்கே போனாலும் மெத்தையில் முழங்கையை ஊன்றி அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். உங்கள் மெத்தையிலும் அப்படி அழுத்தினார். விரிப்புக்குக் கீழே பிளாஸ்டிக் கீச்சென்றது. "இது காத்தடைச்ச மெத்தைம்மா" என்றார். விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். மெத்தைக்குக் கீழே கட்டில் இல்லை, பாய் இல்லை. கூடாரத்தின் அடித்துணி, அதற்கு அடியில் மண்தரை.

பத்து மணிக்குக் கெட்டியாக இருந்த மெத்தை ஒரு மணிக்குள் தொய்ந்துவிட்டது. அப்பா புரண்டால் அம்மா தூக்கிப் போடப்பட்டார். அம்மா எழுந்தால் அப்பாவின் இடுப்பு தரையைத் தொட்டது. உங்களிடம் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு பம்பைக் கொண்டுவந்து மறுபடி காற்றடித்தார், பாவம். நாலு மணிக்குத் திரும்பவும் அதே நிலைமை. ஓட்டை இருக்குமோ என்று அவர் தேடினார். ஓட்டையே தேவையில்லை. சாயங்காலம் அடைத்த காற்று இரவுக் குளிரில் சுருங்கத்தான் செய்யும். புது மெத்தையாக இருந்தால் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் இழுபடும். மலையில் காற்று மெத்தை போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய கொடுமை குளிர். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். மார்கழி இரவு வேறு. நீங்கள் மேலே போர்த்த இரண்டு ரஜாய் வைத்திருந்தீர்கள், சரி. ஆனால் எங்களுக்குக் குளிர் வந்தது கீழேயிருந்து. காற்று மெத்தைக்குள் இருப்பது வெறும் காற்று. அது உள்ளேயே சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். இன்னொரு ரஜாய் கேட்டு வாங்கியிருந்தாலும் முதுகுக்குப் பயன் இருந்திருக்காது.

அப்பாவுக்குப் பல் கிட்டித்தது. காரின் டிக்கியில் கிடந்த பவானி ஜமக்காளத்தை எடுத்து வந்து, நாலாக மடித்து, மெத்தையின் மேல் அவர் முதுகு படும் இடத்தில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. ஒரு பழைய ஜமக்காளம் செய்த வேலையை உங்கள் படுக்கை செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விடிந்து பார்த்தால் ரஜாயின் ஓரம் ஈரம். மழை இல்லை. மூன்று பேர் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த கூடாரத் துணியில் துளித்துளியாகப் படிந்து, சுவரை ஒட்டிக் கிடந்த பக்கத்தை நனைத்திருந்தது. குளிர் வரும் என்று உங்கள் ஆட்கள் மேலே இருந்த காற்றுத் திறப்புகளை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். ஒன்றையாவது திறந்து வைத்திருந்தால் இவ்வளவு ஈரம் படிந்திருக்காது. ரஜாயில் ஏற்கெனவே முக்கல் வாடை இருந்தது, இதே காரணத்தால்தான் இருக்கும். தலையணை ஒரே உயரமாகக் கல் மாதிரி இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நிலையிலும் அப்பா உங்களுக்காகத்தான் யோசித்தார். இலவம்பஞ்சு மெத்தை போடச் சொல்லலாமா என்று கேட்டேன். "வேண்டாம், அதை அடிக்கடி வெயில்ல போடணும். மழை மாசத்துல இங்க வெயிலுக்கு எங்க போவாங்க?" என்றார். தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்த கட்டில், அதன் மேல் நாலு அங்குலக் கெட்டி ஃபோம் மெத்தை, கழற்றித் துவைக்கிற மாதிரி உறை. இதுதான் அவர் சொன்னது. மடக்குக் கட்டில் மட்டும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அடியில் காற்று ஓடும், வெறும் துணியில் படுத்தால் அதுவும் சில்லென்றுதான் இருக்கும். கட்டில் உடனே முடியாதென்றால், இருக்கிற மெத்தைக்கு மேலேயாவது தடித்த ஃபோம் விரிப்பு போடுங்கள். கூடாரத்துக்கு ஒரு கம்பளியும் வையுங்கள்.

அப்பா ஊர் திரும்பி மூன்று நாள் ஒத்தடம் கொடுத்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தார். ஆகவே 6,500 ரூபாயை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். தரையில் காற்று மெத்தைதான் என்பதை விளம்பரத்திலேயே எழுத வேண்டும். வயதானவர்களோடு வருகிறவர்கள் தெரிந்து முடிவு செய்வார்கள். மெத்தையின் படமும் ஈரமான ரஜாயின் படமும் பணம் கட்டிய ரசீதும் இத்துடன் வைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பணத்தை நான் பதிவு செய்த அதே கணக்குக்கு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஜனவரி 3 அன்று தங்கிய வாடிக்கையாளர்,
அம்மாபேட்டை, சேலம்.