பழைய காகிதத்தை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதியில், பழைய சாமான் கடை ஒன்றில் எனாமல் தூக்கு ஒன்றை விலை கேட்டேன். கடைக்காரர் அதில் சுற்றியிருந்த தாளைப் பிரித்தார். பேரேட்டிலிருந்து கிழித்த தாள். மேலே பிள்ளையார் சுழி, அடுத்து ரங்கூன் என்று ஊர்ப்பெயர், வலது ஓரத்தில் தமிழ் எண்களில் ரூபாய், அணா. "இந்தப் பேரேடு எங்கே?" என்று கேட்டேன். "வீட்டுச் சாமானோட வந்தது ஆச்சி, முக்கால்வாசி எடைக்குப் போயிருச்சு" என்றார். தூக்கை வாங்கவில்லை. மிஞ்சிய 14 தாள்களை வாங்கி வந்தேன்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அப்பாவைப் பெற்ற ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்துபவருக்கு அடுத்த நிலை ஆளாக இருந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபின் கால்நடையாக ஊர் திரும்பியவர்களில் ஒருவர். அவர் எழுதிய கடிதங்கள் டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. வீட்டைப் பிரித்து விற்றபோது தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் பேரம் பேசினார்கள். காகிதத்தை யாரும் கேட்கவில்லை, எடைக்குப் போட்டுவிட்டோம். அப்போது எனக்கு 20 வயது. தடுக்கத் தோன்றவில்லையே என்று இன்றுவரை மனசு அடித்துக்கொள்கிறது.

1930களின் பொருளாதார மந்தத்தில், கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அங்கே வட்டிக்கடை நடத்திய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கைக்கு வந்தது. அந்தக் காலத்தை ஆராய்கிறவர்கள் முதலில் தேடுவது 1929-30இல் வெள்ளைக்கார அரசு நடத்திய பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையைத்தான். அதில் வட்டி விகிதம் இருக்கும். வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையன் மூன்று வருஷக் கணக்கு முடியும்வரை அம்மா முகம் பார்க்காமல் இருந்தது இருக்காது. அது அவன் கடிதத்தில்தான் இருக்கும். மொய் நோட்டும் அப்படித்தான். எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு குடும்பத்தின் உறவு முழுக்க அதில் கிடக்கிறது. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்ததைக்கூட அதில் பார்க்கலாம்.

இதன் அருமை தெரிந்தவர் பக்கத்துக் கோட்டையூரிலேயே இருந்தார். விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது.

சரி, எல்லாரும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஓர் அறையும், ஸ்கேன் செய்ய இரண்டு ஆட்களும் போதும். கொடுக்க மனமில்லாதவர்களுக்குப் படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தரலாம். பழைய கொடுக்கல் வாங்கல் வெளியே வந்தால் பங்காளிச் சண்டை வருமே என்ற பயம் பல வீடுகளில் உண்டு, அது நியாயமான பயம்தான். 30 வருஷம் யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். ஆவணக் காப்பகங்களில் இது நடைமுறையில் உள்ள ஏற்பாடுதான்.

அதுவரை பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுத்துவிட்டு, ஈரம் படாத இடத்தில் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அப்புறம், போட்டோவில் இருப்பது யார் யார் என்று பின்பக்கம் பென்சிலால் லேசாக எழுதுங்கள். வீட்டில் வயதான ஆச்சி இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

நான் வாங்கிய 14 தாள்களும் அலமாரியில் இருக்கின்றன. அப்படி ஓர் அறை திறந்தால் முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை